சூடம் நின்ன பதினஞ்சு நிமிஷம்

நின்னுபோச்சு. பன்னெண்டு செகண்டு ஓடுச்சு, அது ஒரு ஓட்டம், பாத்தவங்களுக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா வேகம் குறைஞ்சு, தள்ளாடி, ரெண்டடி அகலக் கண்ணாடித் தட்டுல மிதந்த அத்தனை வெள்ளைத் துண்டும் அங்கங்கே அப்படியே நின்னுபோச்சு. ஜெனோவா குனிஞ்ச தலைய நிமித்தல. நிமித்தினா மூணு முகத்தைப் பாக்கணும். வெளியூர்லேருந்து பரீட்சிக்க வந்த பத்மன் சார், டிபார்ட்மெண்ட் தலைவர் தவசிமுத்து சார், அவளோட ஆராய்ச்சிக் கைடு வடிவு மேடம். "வீடியோல நல்லா ஓடிச்சே, கேட்டியா," பத்மன் சார்தான் ஆரம்பிச்சார், "ஆளைக் கண்டா வெக்கப்படுதோ?" தவசிமுத்து சார் பொக்குனு சிரிச்சார். வடிவு மேடம் சிரிக்கல, அதுதான் ஜெனோவாவுக்குச் சுருக்குன்னு குத்துச்சு. "டீ ஆறுது, வாங்க," யாரோ சொன்னாங்க. பத்மன் சார் வாசல்ல நின்னு திரும்பினார். "பதினஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து பாப்பேன். அப்பவும் இப்படியேன்னா இந்த விளையாட்டுச் சாமானை மூட்டை கட்டிட்டு சோலார் செல்லுக்கு மாறிடு மோளே. அதுல இதுவரைக்கும் யாரும் தோத்ததில்ல." மேடம் கடைசியா போறப்ப குனிஞ்சு காதுகிட்ட சொன்னாங்க: "எண்ணெய் பட்டிருக்கும். தட்டைக் கழுவு. புதுத் தண்ணி, புதுத் துண்டு. ஆறு நிமிஷமாவது ஆவும், இப்பவே ஆரம்பி."

கதவு சாத்துன சத்தம் கேட்டப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்துச்சு. ஃபேன் ஓடல, காத்து பட்டா தண்ணி அலையும்னு அவளே நிறுத்தி வச்சது, நெத்தியில வேர்வை சொட்டு சேந்து சேந்து கீழ விழவா வேண்டாமான்னு யோசிக்குது, விழுந்துராத, தட்டுல விழுந்துராத. புறங்கையால துடைச்சா. மூணு வருஷம். மூணு வருஷமா அவ செஞ்சதெல்லாம் என்ன, ஆபீஸ்ல பேப்பர்ல ஓட்டை போடுற பஞ்சிங் மெஷின்ல ஃபில்டர் பேப்பரைக் கடிக்க விட்டு, உதிர்ற வட்டத்தை எல்லாம் சூடம் கரைச்ச திரவத்துல ஊற வச்சு, காய வச்சு, தண்ணி மேல விடுறது. அவ்வளவுதான். விட்டா ஓடும். யாரும் ஊதல, யாரும் தள்ளல, பேட்டரி கிடையாது, கயிறு கிடையாது. தண்ணிக்கு மேல ஒரு தோல் இருக்கு, மேளத்துக்கு இழுத்துக் கட்டின மாதிரி விறைப்பா. சூடம் கரைஞ்ச இடத்துல அந்தத் தோல் தளந்துபோவும். விறைப்பா இருக்கிற பக்கம் துண்டை இழுத்துக்கும். அதாவது சூடம் தன்னையே கொஞ்சங் கொஞ்சமா செலவழிச்சு, தான் போட்ட தடத்தை விட்டே தான் விலகி ஓடுது. அடுத்த துண்டுக்கும் அந்தத் தடம் ஆவாது, அது இன்னொரு பக்கம் வளையும். இப்படி நாப்பது துண்டை விட்டா, ஒண்ணுக்கொண்ணு வளைஞ்சு குடுத்து, மோதாம, ஒரு அஞ்சு நிமிஷத்துல மொத்தக் கூட்டமும் ஒரே திசையில சுத்த ஆரம்பிக்கும். சுத்துங்கன்னு யாரும் சொல்லல. சொல்றதுக்கு அதுல ஆளே இல்ல. மொத தடவை அது நடந்தப்ப மத்தியானம் ஒரு மணி, சோத்து டப்பா தொறந்தபடி இருந்துச்சு, மூணரை மணிக்கு ஈ மொய்ச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு.

எண்ணெய். எண்ணெயா இருக்குமோ. ஒரு பொட்டு எண்ணெய் போதும், ஊசி முனையளவு, தண்ணி முழுக்கப் படர்ந்து தோலைத் தளத்திப் போடும், அப்புறம் சூடம் இழுக்க விறைப்பே இருக்காது, செத்த பொணம் மாதிரி மிதக்கும். காலையில என்ன தொட்டா? இட்லி. இட்லிப்பொடி. பொடிக்கு நல்லெண்ணெய். ஆனா கையைக் கழுவுனா, மூணு தடவை கழுவுனா, அப்புறம் கையுறை. தலையைத் தொட்டாளா? பத்மன் சார் கேள்வி கேக்கையில முடியை ஒதுக்குனாளா? ஒதுக்குற பழக்கம் உண்டு. ஆனா நேத்தே ஷாம்பு போட்டுக் குளிச்சாச்சு, எண்ணெய் வச்சு மூணு நாளாச்சு, இன்னைக்காகவே. அம்மா கேட்டா, "தலை ஏண்டி சண்டைக்கோழி மாதிரி சிலுப்பிக்கிட்டு நிக்கி?" சூடத்துக்குன்னு சொன்னா அம்மாவுக்குப் புரியாது. அம்மாவுக்குச் சூடம்னாலே பயம். டவுண்ல கோயில் வாசல் பூசைச் சாமான் கடையில ஜெனோவா மாசாமாசம் கிலோக் கணக்குல வாங்க, கழுத்துல தொங்குற சிலுவையைப் பாத்துக்கிட்டே கடைக்காரர் ஒருநா கேட்டுட்டார், "ஏம்மா, எந்தச் சாமிக்கும்மா இம்புட்டு?" "தண்ணிச் சாமிக்கு அண்ணாச்சி." அன்னையிலேருந்து தண்ணிச்சாமிப் பொண்ணு வந்துட்டான்னுதான் எடை போடுறார். பையெல்லாம் வாசம். ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையில பக்கத்துல உக்காந்த பொம்பள அம்மாவைப் பாக்க, அம்மா இவளைப் பாக்க, வீட்டுக்கு வந்து, "உள்ளதைச் சொல்லுட்டி, சூடம் கொளுத்துற வீட்டுப் பையன் யாரையாவது ரெஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சிட்டியா?" எண்ணெய் இல்ல. அப்ப என்ன. தண்ணியா? அதே கேன் தண்ணி. தட்டா? ராத்திரியே கழுவிக் கவுத்தது. எண்ணெயாத்தான் இருக்கணும். இல்லாட்டி, இல்லாட்டி அவ மூணு வருஷமா பாத்ததே...

அதை முழுசா நினைக்க அவ மனசு விடல. சரிஞ்சு வேற எங்கயோ போச்சு. இடது கட்டைவிரல்ல ஒரு வெட்டு, போன வாரம் தேங்கா கீறையில பட்டது, இப்ப ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். யார் மூடுனா அதை? காயத்துக்கு ரெண்டு கரையிலயும் இருந்த செல்லெல்லாம் சேந்து ஊந்து வந்திருக்கு, பாய் விரிக்கிற மாதிரி, ஒண்ணோட ஒண்ணு கைகோத்து, எந்தச் செல்லுக்கும் வெட்டு எவ்வளவு நீளம்னு தெரியாது, எங்க நிறுத்தணும்னு தெரியாது, பக்கத்துச் செல்லு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு மட்டும்தான் தெரியும், அந்தப் பக்கத்துல எதிர்க்கரைச் செல்லு வந்து முட்டினதும் நின்னுக்கிடும். மேஸ்திரி இல்ல. வரைபடம் இல்ல. அவ தூங்கிக்கிட்டிருக்கையில இவ்வளவு வேலை நடந்திருக்கு. இதை நினைச்சா எப்பவும் போல இப்பவும் புல்லரிச்சுது, தோத்துக்கிட்டிருக்கிற இந்த நேரத்துலகூட. அவ ஒரு நெல்லு அளவுக்கு அம்மா வயித்துல கிடந்தப்ப, நீ இங்க போ, நீ கண்ணாவு, நீ விரலாவுன்னு ஒவ்வொண்ணுகிட்டயும் போயி யாரு சொன்னா? ஒண்ணை ஒண்ணு இழுத்து, ஒண்ணை ஒண்ணு தள்ளி, தானே சோறு தின்னு தானே நகந்து, கடைசியில ஜெனோவான்னு ஒருத்தி. குளிர்காலத்துல நயினார்குளத்துக்கு மேல சூறைக்குருவி கூட்டம் கூட்டமா வந்து சாயங்காலம் ஒரு சேலையை உதறுன மாதிரி வானத்துல புரளுமே, அதுலயும் தலைவன் கிடையாது, ஒவ்வொண்ணும் பக்கத்துல பறக்கிற ஏழெட்டை மட்டும்தான் பாக்குது. ஜங்ஷன் ஸ்டேஷன் மேம்பாலத்துல ரெண்டு ரயிலு ஒண்ணா வந்தா? போறவன் ஒரு வரிசை வாறவன் ஒரு வரிசைன்னு ஒரு நிமிஷத்துல தானாப் பிரிஞ்சிரும். முன்னால போறவன் முதுகுதான் ஒவ்வொருத்தனுக்கும் சட்டம். இதையெல்லாம் போன ரிவ்யூல சொன்னப்ப பத்மன் சார், "குருவி உசுரு, செல்லு உசுரு, சூடம் பொம்மை," அப்படின்னார். பொம்மை. அந்தச் சொல்லு உள்ளுக்குள்ள முள்ளு மாதிரி தங்கிப்போச்சு. பொம்மைன்னா என்ன சார், உசுரோட ஒரே ஒரு குணத்தை மட்டும் தனியா எடுத்து, தட்டுல வச்சு, கண்ணால பாக்குற மாதிரி செஞ்சா அது பொம்மையா? கேக்கணும்னு ஆறு மாசமா வாயில வச்சிருக்கா.

சரி, கழுவு. நாலு நிமிஷம் போச்சு. தட்டோட ரெண்டு ஓரத்தையும் பிடிச்சா, தூக்கணும், அலுங்காம தொட்டிக்குக் கொண்டுபோவணும், முழங்கையை மடக்குனா. அப்பத்தான் அது நடந்துச்சு. ஒரு துண்டு. ஓரத்துல. இல்ல, ரெண்டா. சரக்குன்னு கிளம்புச்சு, பக்கத்துல இருந்தது கிளம்புச்சு, அது அடுத்ததைக் கிளப்புச்சு, அவ கண்ணு தொடருறதுக்குள்ள தட்டு முழுக்கத் தீப்பிடிச்ச மாதிரி அத்தனையும் ஓடுது, வளையுது, விலகுது, சுத்துது. அவ கையைத் தட்டுலேருந்து எடுக்கல. அவதான் ஆட்டிட்டாளோ? இல்ல, தண்ணியில அலை இல்ல. எட்டு செகண்டு, ஒம்பது, பத்து. அப்புறம் மறுபடியும் சோந்து, தள்ளாடி, ஒண்ணா நின்னுபோச்சு. எல்லாம் சேந்து. எல்லாம் ஒண்ணுபோல. தெரு நாய் ஒண்ணு குலைச்சா ஊர் நாயெல்லாம் குலைச்சிட்டு, சட்டுனு அத்தனையும் ஓஞ்சுபோற மாதிரி. எண்ணெய் பட்டிருந்தா திரும்ப ஓடாது. செத்தது செத்ததுதான். அப்ப இது சாவு இல்ல. அவ போனை எடுத்து ஸ்டாப்வாட்சை அமுக்குனா, ரெண்டு தடவை தப்பா அமுக்குனா. ஏன் நின்னுச்சு, ஏன் ஓடுச்சு, நேத்து இப்படி இல்லியே, நாப்பது துண்டு நிக்காம ஓடுமே. நாப்பது. நாப்பதா போட்டா இன்னைக்கு? எண்ணுனா. நிக்கிற துண்டை எண்ணுறது சுலபம், வாழ்க்கையில மொத தடவையா நின்னதுக்கு நன்றி சொல்லிக்கிட்டே எண்ணுனா. தொண்ணூத்தாறு.

தொண்ணூத்தாறு எப்படி வந்துச்சு? மனசு பின்னால ஓடிப்போய் காலையில தன் கையைத் தானே பாத்துச்சு. டப்பாவைத் தொறந்தா, கிடுக்கியால ஒண்ணொண்ணா எடுத்து வச்சா, நாப்பது ஆச்சு, கையை எடுத்திருக்கணும். எடுக்கல. மூணு பெரியவங்க வாறாங்க. வெளியூர்லேருந்து ஆள் வாறார். வீட்டுக்கு ஆள் வந்தா உலையில ஒரு கை அரிசி கூடப் போடாத பொம்பள உண்டா, வந்தவங்க பானையை எட்டிப் பாக்கையில அடி தெரியக் கூடாது, அம்மா அளந்த அரிசிக்கு மேல எப்பவும் ஒரு கை கண்ணை மூடிக்கிட்டுப் போடுவா. அந்தக் கைதான் இது. விருந்துக்காரக் கை. தட்டு நிறைஞ்சாப்புல தெரியட்டும்னு அவளுக்கே தெரியாம அள்ளி வச்சிருக்கு. தொண்ணூத்தாறும் சூடத்தை விட, விட, பன்னெண்டு செகண்டுல தண்ணி முழுக்க ஒரே மாதிரி தளந்துபோச்சு, எந்தப் பக்கமும் விறைப்பு இல்ல, எங்க ஓடுறது? நிக்குது. நின்னபடியே இருக்கு. ஆனா சூடம் தண்ணி மேலேருந்து காத்துல பறந்துக்கிட்டே இருக்கு, இந்த வாசம் அதுதானே, மூக்குல ஏறுறது அதுதானே. பறந்து பறந்து தோல் மறுபடி விறைக்குது, விறைச்சுக்கிட்டே வருது, எங்கயோ ஒண்ணுக்கு மட்டும் போதுமான அளவு வந்ததும் அது அசையும், அது அசைஞ்சா பக்கத்துல சமநிலை கெட்டுரும், அது அசையும். அப்ப இது, அட, இது மூச்சு. தொண்ணூத்தாறு துண்டும் சேந்து ஒரு மூச்சு விடுது. தனியா எதுக்கும் மூச்சு கிடையாது. கூட்டத்துக்குத்தான் இருக்கு.

கதவு தொறந்துச்சு, அவளுக்கு உசுரு போயி வந்துச்சு. இசக்கிராஜா. அடுத்த மேசையில கம்ப்யூட்டர்ல உக்காந்து ஆராய்ச்சி பண்றவன், கையில பேப்பர் கப்புல டீ. "ஏட்டி ஜெனோ, மேடம் டீயைத் தொடவே இல்லட்டி. பிஸ்கட்டை உடைச்சு உடைச்சு அடுக்கிக்கிட்டே இருக்காங்க. கழுவிட்டியா?" "இல்ல." "இல்லியா? ஏழு நிமிஷம் போச்சு!" "இசக்கி, கதவை மூடு, காத்து வருது. இது ஓடுச்சுல." "எப்ப?" "நீங்க எல்லாம் போன பெறகு." அவன் தட்டைப் பாத்தான், அவளைப் பாத்தான். "காலையில சாப்பிட்டியா?" "ஏல, நெசமா. எல்லாம் ஒண்ணாக் கிளம்பி ஒண்ணா நின்னுச்சு. தொண்ணூத்தாறு போட்டுட்டேன், அதான்." "சரி, அப்ப சுலபம், அம்பத்தாறை எடுத்துக் கீழ போடு. நாப்பது நிக்கட்டும். கழுவு, விடு, ஓடும், அவரு கையெழுத்துப் போடுவாரு, போவாரு." அவன் சொல்றது சரிதான். அதுதான் சரி. நாப்பதுன்னா கண்ணை மூடிக்கிட்டு ஓடும், மூணு வருஷம் ஓடினது. "இன்னும் ரெண்டு நிமிஷத்துல கழுவ ஆரம்பிக்கலைன்னா முடியாதுட்டி," அவன் போனை எடுத்து மணி பாத்தான், அப்படியே ஏதோ மெசேஜையும் பாத்தான், அவ்வளவு நேரம் போதும்னு காத்துக்கிட்டிருந்த மாதிரி சூடம் கிளம்புச்சு. "பாரு! பாருல!" அவன் தலை நிமித்தி, டீ கையில சிந்தி, ஆ ஊன்னு குதிச்சு, தட்டுப் பக்கம் வாரதுக்குள்ள கடைசித் துண்டு தள்ளாடி நின்னுச்சு. "ஒண்ணுதான் பாத்தேன்," அவன் பரிதாபமாச் சொன்னான், "அது நீ கத்துனதுல ஆடுச்சோ என்னவோ." ஸ்டாப்வாட்ச் சொல்லுச்சு: ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு.

கழுவுறதா, விடுறதா. நாப்பது ஓடினா பத்மன் சார் சரிம்பார், ஏற்கனவே பாத்த வீடியோ நெசந்தான்னு எழுதிட்டுப் போவார், அவ இன்னும் ரெண்டு வருஷம் சூடத்தோட இருக்கலாம். தப்பிச்சுக்கிடலாம். இது ஓடலைன்னா, அவரு முன்னாடி அடுத்த மூச்சு வரலைன்னா, சோலார் செல்லு, அலமாரி நிறைய கண்ணாடித் துண்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரே மாதிரி பூச்சு, ஒரே மாதிரி கோடு. ஆனா கழுவுனா இந்தத் தொண்ணூத்தாறு போயிரும். இதே தண்ணி, இதே சூட்டுல, இதே அளவு கரைஞ்ச சூடம், மறுபடி அமையுமா? யாருக்குத் தெரியும். எண்ணிக்கை தப்பா விழுந்ததுல வந்த மூச்சு. இதைக் கொட்டிட்டு, பழசையே நல்லபடியாக் காட்டுனா, அப்ப அவரு சொன்னது சரி, அது பொம்மை விளையாட்டுதான். ஒம்பதாவது நிமிஷம், தூக்குறதுக்கு மறுபடி பிடிச்சிருந்த தட்டுலேருந்து அவ ரெண்டு கையையும் எடுத்துட்டா. மூணாவது மூச்சு மூணு நிமிஷம் பத்து செகண்டுல வந்துச்சு. அதை இசக்கி முழுசாப் பாத்தான், கெட்ட வார்த்தை ஒண்ணு சொன்னான், சாமி கும்பிடுற குரல்ல. ஆனா மூணு பத்து. முன்ன ரெண்டு நாப்பது. நீண்டுகிட்டே போவுது. அடுத்தது நாலா? அஞ்சா? இல்ல வரவே வராதா, துண்டுல சூடம் தீந்துக்கிட்டு வருதா? நாலாவது மூச்சுக்கு எண்ண ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் ஆவையில, சொன்ன பதினஞ்சு நிமிஷம் ஆவுறதுக்கு முன்னாலயே, வராண்டாவுல செருப்புச் சத்தம்.

மொதல்ல மேடம். தட்டைப் பாத்தாங்க, ஈரம் இல்லாத தொட்டியைப் பாத்தாங்க. "கழுவலையா?" குரல்ல கோவம்கூட இல்ல. "இல்ல மேடம்." பத்மன் சார் பின்னாலேயே வந்தார். "என்ன மோளே, அப்படியே இருக்கு?" "இருக்கு சார். ஒரு நாலு நிமிஷம் சும்மாப் பாருங்க சார்." "சும்மா நிக்கிறதையா?" "ஆமா சார். நிக்கிறதைத்தான்." அவளுக்கே அந்தக் குரல் யாரோடதுன்னு தெரியல. தவசிமுத்து சார் போன்ல பேசிக்கிட்டே ஓரமா நின்னார். ரெண்டு நிமிஷம். ரெண்டரை. பத்மன் சார் மேல் சட்டைப் பையிலேருந்து கண்ணாடியை எடுத்து மாட்டுனார், கழட்டுனார். மூணு. சூடம் வாசம் தொண்டையில கசக்குது. மூணு பத்து போச்சு. வராது. மூணு இருவது. வராது, நாப்பதா விட்டிருக்கலாம், இசக்கி சொன்னான், மேடம் சொன்னாங்க, விருந்துக்காரக் கை, விருந்துக்காரத் திமிரு. மூணு முப்பது. "வடிவு," பத்மன் சார் ஏதோ சொல்ல ஆரம்பிச்சார், அந்தச் சொல்லு அவரு வாயிலேயே நின்னுச்சு. சரக்குன்னு அத்தனையும். தட்டு முழுக்க. தொண்ணூத்தாறும். வளைஞ்சு, விலகி, மோதாம, ஒரு சுத்து, ரெண்டாவது சுத்துப் பாதியில சோந்து, ஒண்ணுபோல நின்னுச்சு. தவசிமுத்து சார் போன்ல "அப்புறம் பேசுறேன்" சொல்லி வச்சுட்டார்.

பத்மன் சார் தட்டு மேல மூக்கு படுற அளவுக்குக் குனிஞ்சிருந்தார். அப்படியே கேட்டார், சின்னப் பையன் கேக்குற மாதிரி, "எது மொதல்ல நகந்துச்சு?" மூணு வருஷமா இந்த மனுஷன் கேள்விக்குத் தெரியாதுன்னு சொல்ல அவ நடுங்கியிருக்கா. "தெரியல சார்." "எனக்கும் தெரியல, கேட்டியா." அவரு திரும்பாமலே கையைப் பின்னால நீட்டித் துழாவினார், இசக்கி ஒரு ஸ்டூலைத் தள்ளினான், அவரு உக்காந்தார். மேடமும் ஒண்ணை இழுத்துப் போட்டுக்கிட்டாங்க, அவங்க விரல் ஜெனோவாவோட மணிக்கட்டை ஒரு தடவை அழுத்திட்டு விட்டுச்சு. "அடுத்ததைப் பிடிப்போம்," பத்மன் சார் சொன்னார், "நான் இந்த மூலையைப் பாக்கேன். நீ அந்த மூலை. வடிவு, நீ நடு. யாரும் தும்மாதீங்க." ஜெனோவா வாட்சை அமுக்குனா. இப்ப ஒரே தடவையில. ஒண்ணுமே அசையாத தண்ணியை அஞ்சு பேரு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருக்காங்க. சொல்லுங்க, முடிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் எந்திரிச்சுப் போன பெறகு, நீங்க ஒருத்தர் மட்டும் பாத்துக்கிட்டிருக்கையில, செத்ததுன்னு நினைச்ச ஒண்ணு சட்டுனு நகந்து, சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு தெரிஞ்சும் அதுக்கு முன்னால அப்படியே நின்னிருக்கீங்களா? உங்களுக்கும் இது நடந்திருக்கா?